சிலந்தி வேட்டைக் குளவிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்த மண்கூட்டை உடைத்தபோது, ஓர் அறைக்குள் பத்துக்கு மேற்பட்ட சிறு சிலந்திகள் கிடந்தன. சிலவற்றின் கால்கள் துடித்தன, ஒன்றுகூட ஓடவில்லை. ஏன்?

பதில்: அவை சாகவில்லை, கொட்டுப்பட்டு முடங்கிக் கிடக்கின்றன. செத்த சிலந்தி விரைவில் அழுகிவிடும் என்பதால், குளவியின் முட்டையிலிருந்து வரும் புழு தின்று முடிக்கும்வரை இரை கெடாமலிருக்க, குளவியின் நஞ்சு அசைவை மட்டும் நிறுத்துகிறது. நீங்கள் உடைத்தது செலிஃப்ரான் வகைக் குளவியின் கூடாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் காணப்படும் செலிஃப்ரான் மெட்ராஸ்படானம் என்ற இனத்தை 1781இல் ஃபப்ரீசியஸ் விவரித்தார்.

கேள்வி: தோட்டத்தில் ஒரு கருங்குளவி தன்னைவிடப் பெரிய சிலந்தியைத் தரையில் இழுத்துச் சென்றது. அதுவும் இதே வகையா?

பதில்: இல்லை, அது பெரும்பாலும் பாம்பிலிடே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும், உலகில் அக்குடும்பத்தில் ஏறத்தாழ 5000 இனங்கள் உள்ளன. செலிஃப்ரான் முதலில் அறையைக் கட்டி, தூக்கிப் பறக்கக்கூடிய சிறு சிலந்திகளைக் கொண்டுவந்து அதை நிரப்புகிறது. பாம்பிலிடேயில் பெரும்பாலானவற்றின் முறை இதற்கு நேர்மாறானது: வேட்டை முதலில், குழி பிறகு, அறைக்கு ஒரே ஒரு சிலந்தி. தூக்கிப் பறக்க முடியாத இரையைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடக்கும் தாய், சில இனங்களில், குழி தோண்டி முடியும்வரை அதை எறும்புகளுக்கு எட்டாதபடி செடியின் கவட்டில் வைத்துவிட்டுப் போவதும் உண்டு. பின்னர் சிலந்தியின் வயிற்றின்மேல் ஒரு முட்டையிட்டு, குழியை மண்ணால் மூடி, தன் வயிற்று நுனியால் தட்டித் தட்டி இறுக்குகிறது.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகவும் கருவுறாத முட்டை ஆணாகவும் வளர்வதால், எதை இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. அந்த ஒரு சிலந்தியே பிள்ளையின் முழு உணவு என்பதால், பெரிய இரையின்மேல் பெரும்பாலும் பெண் முட்டையையும் சிறியதன்மேல் ஆண் முட்டையையும் இடுகிறது.

கேள்வி: எல்லாமே குழிதான் தோண்டுமா?

பதில்: இல்லை. ஆப்லோபஸ் வகைக் குளவிகள் சிலந்தியின் கால்களை வெட்டிவிட்டு, உடலை மண் அறைக்குள் வைக்கின்றன. தென்கிழக்குச் சீனாவில் கண்டறியப்பட்டு 2014இல் விவரிக்கப்பட்ட டியூட்டராஜெனியா ஒசேரியம் என்ற குளவி, பொந்துக்குள் அமைத்த கூட்டின் வெளி அறையைச் செத்த எறும்புகளால் நிரப்புகிறது. அவற்றின் வாடை பகைவரை விலக்குவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கேள்வி: மண்கூட்டைக் கலைக்கக் கூடாது, வீட்டில் குழந்தை பிறக்கும் என்கிறார் பாட்டி. எனக்கோ அது கொட்டிவிடுமோ என்று பயம்.

பதில்: குழந்தை பிறப்பதற்கு நான் பொறுப்பேற்க இயலாது, ஆனால், கூட்டை விட்டுவைப்பதில் பாட்டியின் பக்கம்தான் நான். இவை தனித்து வாழ்பவை என்பதால் கூட்டைக் காக்கப் படையெடுப்பதில்லை. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ மட்டுமே கொட்டும். ஒவ்வோர் அறையிலும் வட்டத் துளை தெரிந்தால், இளங்குளவிகள் வெளியேறிவிட்டன என்று கொண்டு கூட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம்.