2.048-க்குள் 1024 இல்லை

கேள்வி: எங்கள் அலுவலகத்துப் பழைய இ1 லைனை (டெலிகாம் கம்பெனி தரும் டிஜிட்டல் லைன்) 2.048 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 2.048 மெகாபிட் என்கிறார்கள். அது 1024-இன் இரண்டு மடங்குதானே? ஆனால் ஃபைல் இறக்கும்போது நொடிக்கு 230 கிலோபைட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறதே, ஏன்?

பதில்: 2048-ஐப் பார்த்ததும் கம்ப்யூட்டர் கணக்கின் 1024 ஞாபகம் வருகிறது பாருங்கள், அதுதான் வம்பு. டெலிகாமில் கிலோ என்றால் 1000 மட்டும்தான். ஒரு குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். அப்படி 64,000 பிட் கொண்ட 32 டைம் ஸ்லாட்டை (லைனில் மாறி மாறி வரும் இடங்கள்) அடுக்கினால் 20,48,000 பிட், அவ்வளவுதான் இ1.

சரி, ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 2,56,000 பைட். கிலோபைட்டை 1024 என்று எண்ணும் கம்ப்யூட்டர் அதையே 250 என்று காட்டும். அப்புறம், ஸ்லாட் 0 ஃபிரேமிங்குக்கு (ஸ்லாட் வரிசை எங்கே தொடங்குகிறது என்று அடையாளம் காட்ட) போய்விட்டால் மிச்சம் 31, அதாவது 1.984 எம்பிபிஎஸ், கம்ப்யூட்டர் கணக்கில் சுமார் 242. அதிலும் ஃபைலின் ஒவ்வொரு துண்டோடும் போகும் டிசிபி, ஐபி தலைப்புகள் (முகவரி, வரிசை எண் போன்ற விவரங்கள்) கொஞ்சம் தின்றுவிடும். உங்கள் 230-இல் லைன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.