ராத்திரி ஏதோ கடிக்கிறது, மெத்தையில் ஒன்றுமே இல்லை. என்ன பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மாதமாக ராத்திரியில் ஏதோ கடிக்கிறது, காலையில் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்பு, பக்கத்தில் படுக்கும் கணவருக்கு ஒன்றும் இல்லை, மெத்தையைப் புரட்டிப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது அச்சு அசலாக இதேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மும்பை செம்பூரில், செடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், நாலாவது மாடியில் இருக்கிறோம். முதலில் கடி பட்டது ஏழு வயசு மகளுக்கு. கன்னத்தில் மூன்று தடிப்பு. கொசு என்று நினைத்து வலை கட்டினோம். வலைக்குள்ளேயும் கடி. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். கொசு நுழைய முடியாத இடத்தில் நுழைகிறது என்றால் ஒன்று உள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலைக் கண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.

பக்கத்து ஃபிளாட்டில் குரலைத் தாழ்த்தி "கட்மல்" என்றார்கள், ஹிந்தியில் மூட்டைப்பூச்சி. பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்தார். மகள் கையைப் பார்த்தவுடனே மூட்டைப்பூச்சி என்று சொல்லிவிட்டார். ஒரு பூச்சியைக்கூட அவர் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை மருந்து அடித்தோம். இரண்டு வருஷம்கூட ஆகாத மெத்தையைத் தூக்கிப் போட்டோம். கடி நிற்கவில்லை. குழந்தை ராத்திரி சொறிந்துகொண்டே அழுவாள், நான் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தார். தலையணை உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டைப்பூச்சின்னா இப்படியா இருக்கும்? எங்க பழைய கட்டில்ல இருந்தப்போ சுவர் பூரா கோடு கோடா ரத்தக் கறை. நசுக்கினா ஒரு வாடை வரும் பாரு, ஜென்மத்துக்கும் மறக்காது. இது வேற ஏதோடி."

அம்மா சொன்னது சரி. மூட்டைப்பூச்சி பெரும்பாலும் தடயம் வைக்காமல் இருக்காது. மெத்தைத் தையல் ஓரம், கட்டில் மூட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், ஸ்விட்ச் போர்டு இடுக்கு, இங்கெல்லாம் பேனா மையால் புள்ளி வைத்த மாதிரி கறுப்புக் கறை இருக்கும். ஈரத் துணியால் தேய்த்தால் செம்பழுப்பாகப் பரவும். உரித்துப் போட்ட சட்டைகள் கிடக்கும். வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். விடிவதற்கு முன்னால் மூன்று, நாலு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். இது எதுவுமே இல்லை என்றால் மருந்து அடிக்க அவசரப்படாதீர்கள்.

தோல் டாக்டரிடமும் போனோம். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் பார்த்தார். சிரங்காக இருந்தால் அங்கேதான் முதலில் தெரியுமாம், ராத்திரியில் அரிப்பும் கூடுமாம். அது இல்லை என்றார். "தடிப்பை வைத்து எது கடித்தது என்று என்னால் சொல்ல முடியாது, பூச்சியைப் பிடித்து வாருங்கள்" என்றார். அத்தனை நாளில் எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அதுதான்.

உங்கள் கணவருக்குத் தடிப்பு இல்லை என்பதை வைத்து அவரைக் கடிக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரே பூச்சி கடித்தாலும் சிலர் உடம்பில் அடையாளமே வராது. மூட்டைப்பூச்சிக் கடி சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தடிக்கும், இரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே கடியை விட்டுவிட்டு, யார் எங்கே படுத்தார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் இடம் மாறிப் படுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மகளை என் கணவர் பக்கம் போட்டுவிட்டு, அவள் படுத்திருந்த ஜன்னல் ஓரம் நான் படுத்தேன். மூன்றாம் நாள் காலை என் முழங்கைக்குக் கீழே ஆறு தடிப்பு. மகளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன், அப்படியேதான். ஆளைத் தேடி வரவில்லை, அந்த ஜன்னல் ஓரத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அந்தப் பக்கத்துச் சுவரில் தலைக்கு மேலே ஏசி. அதன் செம்புக் குழாய் வெளியே போகிற துளையைச் சுற்றிப் பூசியிருந்த பூச்சு உதிர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. துளைக்குக் கீழே சுவரில் மிளகுத் தூள் சிந்தின மாதிரி இருந்தது. தூசி என்று துடைக்கப் போனேன். தூசி நகர்ந்தது! விரலால் அழுத்தினேன், சுவரில் முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது என் குழந்தையின் ரத்தமாக இருக்கலாம் என்று நினைத்ததும் கை நடுங்கிவிட்டது.

செலோ டேப்பை அதன்மேல் ஒற்றி வெள்ளைத் தாளில் ஒட்டி, அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியை மொபைல் கேமராவுக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தேன். எட்டுக் கால். மூட்டைப்பூச்சிக்கு ஆறுதான். இது பறவைச் செள், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் ஏசியின் வெளி யூனிட்டுக்குப் பின்னால் புறாக்கூடு. காலி. குஞ்சுகள் பறந்து போயிருந்தன. கூட்டில் பறவை இருக்கும்வரை செள் அதன் ரத்தத்திலேயே பிழைக்கும். பறவை போனதும் பசியில் சூட்டையும் மூச்சுக்காற்றையும் தேடி வீட்டுக்குள் ஊர்ந்து வரும். மனிதரைக் கடிக்குமே தவிர, நம்மிடம் குடியேறிப் பெருகாது. கட்டிலுக்கு அடித்த மருந்து ஏன் பலிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூல இடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கூட்டை எடுக்கும்போது தயவுசெய்து கவனமாக இருங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூள் நுரையீரலுக்குள் போகும். புறா எச்சத்தால் மூச்சுக் கோளாறு வருகிறது என்ற கவலையில்தான் 2025 ஆகஸ்டில் இங்கே மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூத்தர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மாஸ்க், கையுறை போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கூட்டோடு வாரிப் பையில் கட்டிவிட வேண்டும். நாலாவது மாடி என்பதால் ஏசி மெக்கானிக்கை வைத்துத்தான் செய்தோம், நீங்களும் எட்டி எடுக்க முயலாதீர்கள். பிறகு அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அங்கேயும் துளையைச் சுற்றியும் மட்டும் மருந்து அடித்து, துளையை எம்-சீல் வைத்து அடைத்து, வெளியே வலை கட்டினோம். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்தோம். அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஒன்றிரண்டு கடி இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை போகும்வரை பொறுங்கள், அதுவரை உள்பக்கத் துளையை அடைத்துவிட்டுக் குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் மட்டும் கடி என்றால், பூனையோ நாயோ வந்து போகிறதா என்று பாருங்கள், தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். தடிப்பு கொப்புளமாகிச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கட்டிலில் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் பக்கத்துச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது? நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, டேப்பில் ஏதாவது ஒட்டினால் படம் எடுத்துப் போடுங்கள், கால்களை நான் எண்ணிச் சொல்கிறேன்.