நகரம் பெருகும்போது மாட்டுக்கும் கீரைப்பாத்திக்கும் இடம் இருக்குமா?

இருக்கும், நகர நிர்வாகம் மனது வைத்தால். கென்யாவின் நைரோபியில் நகருக்குள் பயிரிடுவதும் மாடு வளர்ப்பதும் பல காலம் தொந்தரவாகத்தான் பார்க்கப்பட்டன. 2015இல் அதை ஊக்குவித்து ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே வந்தது. அங்கே கிபேரா குடிசைப்பகுதியில் சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பி, தண்ணீர் இறங்க நடுவில் கல் அடுக்கி, மேலேயும் பக்கவாட்டு ஓட்டைகளிலும் சுகுமா விக்கி என்ற கீரையை நடுகிறார்கள், வாசலோரம் கொஞ்சம் இடம் போதும்.

நகரில் பயிரிடுகிறவர்களுக்கு நிர்வாகம் விதையைவிட முதலில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் சாக்கடை நீரைத்தான் பாய்ச்சுவார்கள். கால்நடைக்குத் தடுப்பூசி, பக்கத்தில் மருத்துவர், சாணத்தைக் கீரை போடுகிறவரிடம் சேர்க்க ஓர் ஏற்பாடு, இவையும் வேண்டும். அப்புறம், நாளைக்கே காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் இருந்தால் யாரும் அந்த மண்ணில் உழைப்பைப் போடமாட்டார்கள், அதனால் இடத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் வேண்டும்.