வேறு ஃப்ரேம்வொர்க்குக்கு மாறும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஃப்ரண்ட்-எண்ட் ஃப்ரேம்வொர்க் என்பது இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகம். தகவல் மாறினால் திரையையும் மாற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. இணையக் கடையின் கூடையில் ஒரு பொருள் சேர்ந்தால் மேலே உள்ள எண் 2-லிருந்து 3 ஆக வேண்டும். ரியாக்ட், வியூ, ஆங்குலர் மூன்றும் இதைச் செய்யும்; வழிதான் வேறு.

அந்த வழி உங்கள் கோப்புகள் எல்லாவற்றிலும் ஊறிப்போயிருக்கும். அதனால்தான் மாறுவது கடினம். சுவருக்கு வண்ணம் அடிப்பது போல அல்ல, வீட்டில் குடியிருந்துகொண்டே தூண்களை மாற்றுவது போல.

ஆகவே வேக ஒப்பீட்டு அட்டவணைகளை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஆதரவுக் காலம், அதாவது உருவாக்கியவர்கள் பிழை திருத்தித் தரும் காலம்: ஆங்குலரின் முந்தைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு அது 2021 முடிவோடும், வியூ 2-க்கு 2023 முடிவோடும் நின்றுவிட்டது. அப்புறம், குழுவுக்கு எது பழக்கம்? பழையதும் புதியதும் சில மாதம் சேர்ந்து ஓடுமா? படிவங்கள் நிறைந்த ஒரே ஒரு திரையைப் புதியதில் எழுதிப் பாருங்கள். தேதி தேர்வுப் பெட்டி மாதிரி சின்ன விஷயத்தில்தான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வோம்.

மாறினாலே தளம் வேகமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரிய படங்களும் மெதுவான சர்வரும் அப்படியே இருந்தால் வேகமும் அப்படியேதான் இருக்கும்.