ஜெபத்தில் உட்கார்ந்தாலும் கவலைதான் வருகிறது!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறோம். வெள்ளி விலை ஏறியதில் ஆர்டர் குறைந்துவிட்டது, குழுக்கடன் தவணை நிற்கிறது. இரவில் முழங்காலிட்டால் கடன் கணக்கே மனதில் ஓடுகிறது. எழும்போது பாரம் கூடித்தான் இருக்கிறது. என் விசுவாசம் குறைவா?
– ஒரு சகோதரி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை, சகோதரி. ஜெபம் பாதி வழியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். நாம் முறையீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் கவலைக்கு ஒத்திகை பார்த்ததாகிவிடும். முறையிடாமலே ஸ்தோத்திரத்துக்குத் தாவினாலோ, அடக்கிய பயம் நடுராத்திரியில் எழுப்பிவிடும்.

நேரத்தை முதலில் மாற்றுங்கள். உடம்பு ஓய்ந்துபோன பதினோரு மணிக்கு எந்தக் கணக்கும் பெரிதாகத்தான் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று மனதுக்குள் சொல்லி மூச்சை இழுங்கள், "நான் தாழ்ச்சியடையேன்" என்று சொல்லி மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு நிதானப்படும்.

பிறகு கவலையை ஒரு தாளில் எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று மொத்தமாகச் சொன்னால் மனம் எதையும் கைவிடாது. "வெள்ளிக்கிழமை தவணை 3,500 ரூபாய், கையில் 2,000 இருக்கிறது" என்று தொகையோடு சொல்லுங்கள். நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை, உதாரணமாகக் குழுத் தலைவியிடம் முன்கூட்டியே பேசுவதை, அதன் கீழே எழுதிவிட்டு, இன்று கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லி முடியுங்கள். பிலிப்பியர் 4:6 "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபம் என்கிறது. பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். படுத்தபின் கணக்கு மறுபடி வந்தால் புதிதாக ஜெபிக்கத் தொடங்க வேண்டாம், "தாளில் இருக்கிறது, ஆண்டவரே" என்றால் போதும்.

கேள்வி: காபி பழம் பறித்துவிட்டு வந்தால் ஜெபத்திலேயே தூங்கிவிடுகிறேன். பாவமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பாவம் இல்லை, தூங்குங்கள். 1 இராஜாக்கள் 19-இல் சோர்ந்துபோய்ச் சாகக் கேட்ட எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். ஜெபத்தைக் காலையில் வேலைக்கு நடக்கும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெபிக்கிறவன் தூக்க மாத்திரை சாப்பிடலாமா? நிறுத்திவிடச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென விட்டால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். பவுல் தம்முடன் இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.