வெள்ளை பேன்ட்தான் தடையா?

கேள்வி: என் பொண்ணு எட்டாவது வரைக்கும் ஸ்கூல் கோ-கோ டீம்ல இருந்தா. ஒன்பதாவது போனதுல இருந்து பிடி பீரியட்னாலே வயித்து வலின்னு கிளாஸ்லயே உக்காந்துக்கறா, கேட்டா பிடிக்கலைங்கறா. மாமியார் வேற வயசுக்கு வந்த பொண்ணுக்கு கிரவுண்டுல என்ன வேலைங்கறாங்க. மறுபடி எப்படி விளையாட வைக்கறது மேடம்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: பிடிக்கலைங்கறதை அப்படியே நம்பிடாதீங்கம்மா. நான் பிடி டீச்சரா இருந்தப்ப ஒரு மேட்ச், எட்டு பேரும் வரிசையா உக்காந்திருக்காங்க, பின்னாடி இருந்து தொட்டு "கோ" குடுத்தாச்சு, அந்தப் பொண்ணு எந்திரிக்கவே இல்ல. நான் கத்தறேன், அவ தலையைக் குனிஞ்சுட்டே இருக்கா. கிட்ட போய் பாத்தப்பதான் வெள்ளை பேன்ட்ல பீரியட்ஸ் கறை பட்டிருந்தது தெரிஞ்சது. என் துப்பட்டாவை இடுப்புல கட்டி கூட்டிட்டுப் போனேன், அப்புறம் அவ கிரவுண்டுக்கு வரவே இல்ல. கத்தினேனேன்னு இப்பவும் மனசு உறுத்துது.

உங்க பொண்ணுக்கும் இதே பயம் இருக்கலாம், அதனால அட்வைஸை விட்டுட்டு முதல்ல டிரெஸ்ஸைப் பாருங்க. ஓடறப்ப இறுக்கமா பிடிச்சுக்கற ஸ்போர்ட்ஸ் பிரா ரெண்டு, கருப்பு ஷார்ட்ஸ் ஒண்ணு வெள்ளை பேன்ட்டுக்கு உள்ள போட. வெள்ளை டிரெஸ்தான் போடணும்னு கறாரா இருக்கற விம்பிள்டன் டென்னிஸ்லயே 2023ல பொண்ணுங்க உள்ள டார்க் கலர் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம்னு ரூலை மாத்திட்டாங்க, நம்ம ஸ்கூல்ல மாத்த முடியாதா? பிடி சார்கிட்ட நேர்ல போய் நேவி ப்ளூ டிராக் பேன்ட்டுக்கு பர்மிஷன் கேளுங்க, இன்னும் ரெண்டு அம்மாக்களையும் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது, இது உங்க பொண்ணுக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்ல.

பீரியட்ஸ் நேரத்துல விளையாடினா கெடுதல்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லேசா ஓடினா நிறைய பேருக்கு வலியே கொறையும். முடியாத அன்னைக்கு ரெஸ்ட் எடுக்கட்டும். மாசாமாசம் எந்திரிக்கவே முடியாத வலின்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

மாமியார்கிட்ட சண்டை வேணாம். 2025 ஜனவரில டெல்லில நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பை ஃபைனல்ல நம்ம பொண்ணுங்க நேபாளத்தை 78-40னு ஜெயிச்ச வீடியோவை பேத்தியும் பாட்டியுமா உக்காந்து பாக்கட்டும். தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டு கோட்டா 3 சதவீதம் இருக்குங்கறதையும் பேச்சுவாக்குல சொல்லி வைங்க, பெரியவங்களுக்கு அது சட்டுனு புரியும்.

அவளை உடனே டீம்ல சேருன்னு நெருக்காதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் பழைய டீம் பிள்ளைங்க நாலு பேரைக் கூப்பிட்டு பக்கத்துல ஏதாவது காலி இடத்துல சும்மா ஓடிப் பிடிச்சு விளையாட விடுங்க, நீங்களும் கூட நில்லுங்க. ஸ்கூல்ல பேன்ட் விஷயமா என்ன சொன்னாங்கன்னு எனக்கு கண்டிப்பா எழுதுங்கம்மா.