கொக்கியை வெட்டாதீர்கள், பூ அதில்தான் வரும்

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மனோரஞ்சிதம் என்று சொல்லித் தந்த கன்றை மாடித் தொட்டியில் வைத்தேன். இலை நீளமாக, பளபளப்பாக இருக்கிறது, கிளைகள் கொடி மாதிரி நீண்டுகொண்டே போகின்றன. சில இடங்களில் தண்டு நகம் போல வளைந்து தடித்து நின்றது, நோய் என்று நினைத்து அவற்றையெல்லாம் வெட்டிவிட்டேன். போன மாதம் முதல்முறையாகப் பச்சை நிறத்தில் ஒரு பூ, வாசனையே இல்லை. இது உண்மையிலேயே மனோரஞ்சிதம்தானா? எப்படி வளர்ப்பது? இதன் வாசத்துக்குப் பாம்பு வரும் என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

பதில்: மனோரஞ்சிதமேதான், நீங்கள் நோய் என்று வெட்டிய அந்த வளைவுதான் அதற்குச் சாட்சி. அது பூக்காம்பு. இலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பி, கொக்கி மாதிரி வளைந்து, பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும், பிடி கிடைத்துவிட்டால் தடித்துக் கட்டை போல இறுகிவிடும். செடி ஏறுவதும் அதை வைத்துத்தான், பூவும் காயும் தொங்குவதும் அதில்தான். ஆர்டபாட்ரிஸ் என்ற தாவரவியல் பெயரிலேயே தொங்குவது, திராட்சைக்குலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன, காய்கள் கொக்கியில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று புரிந்துவிடும். இத்தனை நாள் பூ வராததற்கு அதை வெட்டியதே முக்கியக் காரணமாக இருக்கலாம். வெட்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

அடுத்து அந்தப் பச்சைப் பூ. தயவுசெய்து பறித்துவிடாதீர்கள். மனோரஞ்சிதப் பூ முதலில் இலை நிறத்திலேயே, இலைக்குள் மறைந்தே இருக்கும். மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில் தடித்த ஆறு இதழ்கள். அது பல நாட்கள் பச்சையாகவே நின்று, மஞ்சளாக மாறத் தொடங்கும்போதுதான் மணக்கும், அதுவும் பூ மணம் மாதிரி இல்லை, பழுத்த பழத்தின் மணம். ஒருவர் பலா என்பார், இன்னொருவர் வாழை என்பார், அன்னாசி என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு எப்போதும் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும், அப்புறம்தான் இலைகளை விலக்கிப் பூவைத் தேடுவேன். இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்ததே அந்தத் தேடல்தான்.

இந்த அடையாளம் ஏன் முக்கியம் என்றால், மனோரஞ்சிதம் என்ற பெயரில் வேறு செடிகளும் கைமாறுகின்றன. இலாங்-இலாங் ஒன்று. அது மரம், குட்டை ரகம் மட்டும் புதராக நிற்கும், இதழ்கள் ஒடுங்கி ரிப்பன் போலத் தொங்கும். டெஸ்மோஸ் என்று இன்னொன்று, அதன் காய் மணி கோத்த சரம் மாதிரி இருக்கும். மூன்றுமே சீதாப்பழக் குடும்பம், மூன்றும் மணக்கும், அதனால்தான் இவ்வளவு குழப்பம். ஆனால் கொக்கி மனோரஞ்சிதத்தில் மட்டும்தான். பூ வரும் வரை காத்திருக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. நல்ல வெயில் வேண்டும், பாதி நிழலிலும் வளரும். மட்கிய தொழுவுரம் கலந்த, தண்ணீர் தேங்காத மண் போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். தொட்டி என்றால் ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும், தரையில் வைக்க வழியிருந்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் இது 4, 5 மீட்டர் தாராளமாக ஏறக்கூடியது. வழவழப்பான சுவரில் கொக்கிக்குப் பிடி கிடைக்காது, விரல் கனத்தில் கம்பியோ மூங்கிலோ கட்டிக் கொடுங்கள். புதராக வைத்துக்கொள்ள நினைத்தால் பூத்து முடிந்த பிறகு நுனிகளை மட்டும் கிள்ளுங்கள். முதிர்ந்த தண்டில் முள் இருக்கலாம், கை கவனம்.

இன்னொரு செடி வேண்டும் என்றால் விதையை நம்ப வேண்டாம், முளைக்கவே மாதக்கணக்கில் ஆகும், பூக்க இன்னும் சில ஆண்டுகள். வெட்டுத்துண்டும் எளிதில் வேர் விடாது. விண்பதியன் போடுங்கள், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர் விட வைப்பது: பென்சில் கனமுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பாலித்தீனால் இறுகக் கட்டிவிட்டு, வேர் நன்றாக வெளியே தெரிகிற வரை பொறுமையாக இருங்கள்.

இலையைப் புழு கடித்திருந்தால் உடனே மருந்து தெளிக்காதீர்கள். கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகள் போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இந்தக் குடும்பச் செடிகளில் முட்டையிடும், வளர்ந்த செடி அந்தக் கடியைத் தாங்கும்.

சரி, பாம்பு. பூ வாசம் அதை இழுப்பதில்லை. இந்த மணம் கூப்பிடுவது சின்னச் சின்ன வண்டுகளைத்தான், மகரந்தச் சேர்க்கை செய்வது அவைதான். ஆனால் அடர்ந்த புதர் எதுவானாலும் எலியும் தவளையும் ஒதுங்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். தரையில் நடுவதானால் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கிளைகளைக் கழித்து, சருகைக் கூட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டியில் இருக்கும் உங்கள் செடிக்கு அந்தப் பயம் வேண்டாம்.